மஞ்சள் இறக்கையைப் பார்த்துக் குடும்பம் சொல்லாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் மண் சாலையில் காலை வெயிலில் நடந்தால், மஞ்சளும் கருநீலமுமாக ஒரு பெரிய பூச்சி மெதுவாகப் பறந்து போவதைப் பார்க்கலாம். பிள்ளைகள் படம் எடுத்து அனுப்பி, "சார், இது என்ன வண்ணத்துப்பூச்சி?" என்று கேட்பார்கள். அது வண்ணத்துப்பூச்சியே இல்லை. டிஸ்பேனியா என்ற பேரினத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சி.

முதல் தவறு அங்கேயே நடக்கிறது. பகலில் பறப்பது வண்ணத்துப்பூச்சி, இரவில் விளக்கைச் சுற்றுவது அந்து என்று மனத்தில் பதிந்துபோயிருக்கிறது. இந்தத் தவறு பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1773இல் ட்ரூ ட்ரூரி என்ற ஆங்கிலேயர், மடகாஸ்கரின் பகல் அந்து ஒன்றை வண்ணத்துப்பூச்சி என்றே எண்ணிப் பெயரிட்டார். அது சீனாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தது என்றும் நம்பினார். நேரத்தை விட்டுவிட்டு உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி தடித்திருக்கும். டிஸ்பேனியாவுக்கு அப்படி இருக்காது.

சரி, அந்து என்று தெரிந்துவிட்டது. அப்புறம் வரும் தவறு, புள்ளியையும் நிறத்தையும் பார்த்து "புலி அந்து" என்று சொல்லிவிடுவது. புலி அந்துகள் வேறு குடும்பம். ஆங்கிலத்தில் டிஸ்பேனியாவைப் 'பொய்ப் புலி அந்து' என்ற பொருளில் அழைப்பதே இந்தக் குழப்பத்தால்தான். இது ஜியோமெட்ரிடே குடும்பம். அதற்குள்ளும் பெரும்பாலும் பச்சை நிற அந்துகள் அடங்கிய துணைக்குடும்பத்தில் இது இருக்கிறது. இத்தனை மஞ்சளான பூச்சி பச்சைக்காரர்களோடு எப்படிச் சேர்ந்தது என்று எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது. நிறம் உறவைச் சொல்வதில்லை.

உறவைத் தேட நல்ல இடம் இதன் புழு. மலாய்க்காரர்கள் மெரான்சி என்று சொல்லும் மரத்தில் தேடுங்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். பின்பக்கத்தை முன்னால் இழுத்து, நடு உடம்பை வில்லாக வளைத்து, முழம் போடுவதுபோல் நகரும். கிளையில் ஓய்வெடுக்கும்போது விரலால் தொடாமல், பக்கவாட்டில் குனிந்து கால்களை எண்ணுங்கள். மார்பில் மூன்று ஜோடி உண்மைக் கால்கள். அதற்குப் பின்னால் நீளமான வெற்றிடம். கடைசியில் இரண்டே ஜோடி சதைக்கால்கள். சாதாரணப் புழுவுக்குச் சதைக்கால் ஐந்து ஜோடி இருக்கும். நடுவில் கால் இல்லாததால்தான் அந்த வளைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் வளைந்து நடக்கும் எல்லாவற்றையும் காவடிப்புழு என்று சொல்லிவிடுகிறோம். அழகான பெயர், தைப்பூசக் காவடி கண்ணுக்குள் வரும். ஆனால் ஆமணக்குக் காவடிப்புழு வேறு குடும்பம். அதுவும் வளைந்துதான் நகரும், சதைக்கால் மட்டும் இதைவிடக் கூடுதல். ஆகவே நடையைப் பார்த்து முடிவெடுக்காமல் கால்களை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

மெரான்சியில் கிடைத்ததால் இனமும் தெரிந்துவிட்டது என்று எண்ணுவதும் தவறு. ஆஸ்திரேலியாவின் டிஸ்பேனியா நுமானாவும் அதே மரத்தின் இலையைத்தான் தின்கிறது. பேரினத்துக்கு மரம் துப்பு கொடுக்கும், இனத்துக்குப் போதாது. முன் இறக்கையும் பின் இறக்கையும் முழுதாகத் தெரியும் படம், அடிப்பக்கப் படம், எடுத்த ஊர், நாள் இவை வேண்டும்.

பெயர் எழுதுவதிலும் கவனம் தேவை. டிஸ்பேனியா மிலிட்டாரிஸ் (லின்னேயஸ், 1758) என்பதில் அந்த அடைப்புக்குறியை எடுத்துவிடாதீர்கள். முதலில் பெயரிட்ட லின்னேயஸ் இதை வைத்தது வேறு பேரினத்தில், பிற்பாடு மாற்றப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. ஹூப்னர் டிஸ்பேனியா என்ற பேரினத்தை அமைத்ததே 1819இல்தான். இணையத்தில் தேடினால் தண்டுக்கீரைக் குடும்பத்துச் செடிகளும் வந்து நிற்கும். 1810இலேயே அதே பெயர் ஒரு செடிப் பேரினத்துக்கு வைக்கப்பட்டது. விலங்குப் பெயர் விதி வேறு, தாவரப் பெயர் விதி வேறு என்பதால் இரண்டும் செல்லும். தேடும்போது 'அந்து' என்ற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள்.

மலாய் மொழியில் ஆசிரியரிடம் சொல்லும்போது அந்துவைக் குப்பு-குப்பு என்று சொல்லுங்கள். இங்கே ராமா-ராமா என்றால் வண்ணத்துப்பூச்சி. தோட்டத்தில் இந்தோனேசிய நண்பர் இருந்தால் அவருக்குக் குப்பு-குப்புவே வண்ணத்துப்பூச்சி; அவரிடம் புழுவைக் காட்டிப் பேசுவது சுலபம்.