கோடை வயலில் பழங்காசு தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலைகிறவர்களுக்கு ஆகஸ்ட்தான் தை மாதம். பார்லியும் கோதுமையும் அறுத்தாகிவிட்டது, அடுத்த விதைப்புக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது, நடுவில் வயல் சும்மா கிடக்கிறது. வருடம் முழுக்கக் காத்திருந்த நிலத்தில் அப்போதுதான் கால் வைக்க முடியும். ஆனால் மண் காய்ந்து கல்லாகக் கிடப்பதும் அதே வாரங்களில்தான். ஈர மண்ணில் பழகிய கையை அப்படியே வெயிலுக்குக் கொண்டுபோனால் கருவியும் ஏமாற்றும், உடம்பும் ஏமாற்றும்.

கிழக்கு இங்கிலாந்தில், சஃபோக் பக்கம் எட்டு வருடமாகத் தேடுகிறேன். கீழே வருகிற தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

முதலாவது, நம்மவர்களுக்கே உரிய தவறு. ‘வேலூர் வெயிலைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா’ என்கிற நினைப்பு. அப்படித்தான் ஒரு ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, 31 டிகிரிதானே என்று, தொப்பி இல்லாமல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு பதினொரு மணிக்கு வயலில் இறங்கினேன். ஒன்றரை மணிக்குத் தலை சுற்றி, ஸ்பேடைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன்: வேலூரில் எந்த விவசாயி நடுமதியம் வயலில் நிற்கிறார்? விடியலில் இறங்கி, பத்து மணிக்குப் புளியமரத்தடிக்கு வந்துவிடுவார். இங்கே நாற்பது ஏக்கர் வயலில் ஒதுங்க ஒரு மரம் இருக்காது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டன் முதன்முதலாக 40-ஐத் தாண்டிய நாள் அது. ‘லண்டன் குளிர்’ என்பதெல்லாம் பழைய கதை.

இன்னொன்று, கடிகாரம். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அதனால் உச்சி வெயில் ஒரு மணிக்கு. வெக்கை உச்சத்துக்குப் போவது நாலு, அஞ்சு மணிக்கு. மூன்று மணிக்குமேல் தணிந்துவிடும் என்று நம் ஊர்க் கணக்குப் போட்டுக் கிளம்புகிறவர் சரியாக அடுப்பில் போய் விழுவார். அஞ்சரையிலிருந்து பத்து வரை தேடுங்கள். விட்டால் மாலை ஆறரைக்குமேல். ஆகஸ்ட் தொடக்கத்தில் எட்டரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நான் இப்போது இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு பிளாஸ்க்கில் உப்புப் போட்ட மோரும் எடுத்துப் போகிறேன். அரைக்கால் சட்டை வேண்டாம். வரப்போரப் புல்லில் உண்ணி இருக்கும், அது கடித்து லைம் நோய் வந்தவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர்.

சரி, கருவிக்கு வருவோம்.

கோடை வயலில் அதிகம் காசைத் தவறவிட வைப்பது அறுத்தபின் நிற்கும் பயிர்த்தாள்தான். கோதுமையை அறுவடை இயந்திரம் ஒரு சாண் உயரம்கூட விட்டு அறுத்திருக்கும். டிடெக்டரின் காயிலை, அதாவது கம்பின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டை, அந்தத் தாளின் மேலேயே மிதக்கவிட்டு நடப்பார்கள். கைக்குச் சுகம்தான். ஆனால் காயிலுக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு காற்று இருக்கிறதோ, அவ்வளவு ஆழம் போச்சு. ஒரு இடைக்கால வெள்ளிப் பென்னி 18 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை கிராம்கூட இருக்காது. அது 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்து, காயில் 12 சென்டிமீட்டர் உயரத்தில் போனால், அந்தக் காசு உங்களுக்கு இல்லை. தாளை மிதித்து, காயிலால் அழுத்தி விலக்கி, தரையை ஒட்டி ஆட்ட வேண்டும். வேகம் பாதியாகும். அதனால் என்ன, வயல் முழுவதையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று யார் சொன்னது? எண்ணெய்க் கடுகு அறுத்த வயலுக்கு மட்டும் நான் போவதே இல்லை. அந்தத் தண்டுகள் விரல் தடிமனில் ஈட்டி மாதிரி நிற்கும். காயிலையும் கீறும், முழங்காலையும் கீறும். அதையே உழுது உருளை ஓட்டிச் சமப்படுத்திய பிறகு போனால் அருமையான நிலம்.

வெயிலில் கை தளர்ந்தால் இன்னொன்று நடக்கும். காயில் ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கும்: நடுவில் தரையைத் தொடும், இரண்டு ஓரத்திலும் மேலே ஏறிவிடும். ஆட்டுகிறவருக்கு இது தெரியாது. கூட வருகிறவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒரு முறை கை மாற்றுங்கள்.

காய்ந்த களிமண்ணில் ஆழத்துச் சிறு காசின் சத்தம் மங்கிவிடும், திரையில் உலோக வகையைச் சொல்லும் எண் ஒரு இடத்தில் நிற்காமல் குதிக்கும். உடனே எல்லோரும் செய்வது சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, உச்சத்துக்கு ஏற்றுவது. கருவி அப்புறம் ஓயாமல் கீச்சிடும். அந்த இரைச்சலுக்குள் மங்கலான நல்ல சத்தம் அடங்கிப் போகும். கருவி அமைதியாகும் வரை இறக்கி வைத்துக்கொண்டு மெதுவாக ஆட்டுவதுதான் பலன் தரும். மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸைக் காலையில் பனி ஈரத்தில் ஒரு முறை போட்டுவிட்டு மதியம் வரை அப்படியே ஓட்டாதீர்கள். வெயிலில் திரை சரியாகத் தெரியாது என்பதால், எண்ணைவிடக் காதை நம்புவதே மேல். வியர்க்கிறது என்று ஹெட்போனைக் கழற்றி வைப்பவர்கள் அந்தக் காதையும் இழக்கிறார்கள். காதை முழுக்க மூடாத மெல்லிசான ஒன்று போதும்.

எல்லாச் சத்தமும் காசு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வயல்களில் நகராட்சிக் குப்பையிலிருந்து செய்த மக்கு உரத்தைக் கொட்டியிருப்பார்கள். அலுமினியத் துண்டுகள் அடிக்கு ஒன்றாகக் கத்தும். வெயிலில் அப்படி ஒரு வயலோடு மல்லுக்கட்டாமல் வேறு நிலம் பார்ப்பதே புத்தி.

தோண்டும்போது

இங்கேதான் என் வயிற்றெரிச்சல் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூலை கடைசியில், பார்லி அறுத்த வயலில் தெளிவான இரட்டைச் சத்தம். ஸ்பேடை வைத்து ஏறி மிதித்தால் ரெண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. நாலு பக்கமும் குத்திக் குத்தி, கடைசியில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. உலோகம் இருக்கும் இடத்தைக் கிட்டத்தில் காட்டும் சிறு கைக்கருவியான பின்பாயின்டரை வைத்தேன், கட்டிக்குள்ளேதான் இருக்கிறது. குழியில் இல்லை, மண்ணில் இல்லை, கட்டிக்குள். அந்த இடத்தில் உட்கார்ந்து, பின்பாயின்டரைச் சுற்றிக் காட்டிக் காட்டி, சத்தம் இல்லாத பக்கத்தைக் கையால் பிட்டுப் போட்டுக்கொண்டே போயிருக்க வேண்டும். நானோ வியர்வை கண்ணில் இறங்குகிற எரிச்சலில், ஸ்பேடின் முதுகால் ஒரு போடு போட்டேன். கட்டி உடைந்தது. காசும் உடைந்தது. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றியின் வெள்ளிப் பென்னி, பின்பக்கச் சிலுவை விளிம்புவரை நீள்கிற வகை. 1247-இல் அந்த வடிவத்தைக் கொண்டுவந்ததே, விளிம்பைச் சுரண்டித் திருடினால் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தக் காலத்தில் சில்லறைக்காகப் பென்னியைச் சிலுவைக் கோட்டிலேயே வெட்டி அரையாகவும் காலாகவும் புழங்குவார்கள். எழுநூறு வருடம் கழித்து நான் ஸ்பேடால் அதே வேலையைச் செய்துவைத்தேன்.

காய்ந்த மண்ணில் சத்தத்தின் நேர் மேலே குத்தாதீர்கள். ஈர மண்ணில் ஒரு சாண் தள்ளி வெட்டுவீர்கள் என்றால் இங்கே ஒன்றரைச் சாண் தள்ளி, நாலு பக்கமும் வெட்டி, நெம்பித் தூக்குங்கள். கட்டி பெரிதாக வரும், வரட்டும். ரொம்பவும் இறுகிப்போன இடமா? இடத்தைப் போனில் குறித்துவைத்துவிட்டு, மழைக்குப் பிறகு வாருங்கள். எழுநூறு வருடம் கிடந்த காசு இன்னும் மூன்று வாரம் கிடக்காதா?

கையில் வந்த காசைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிற பழக்கம் எந்தப் பருவத்திலும் கெடுதல், கோடையில் இன்னும் கெடுதல். காய்ந்த மண்துகள் உப்புத்தாள் மாதிரி. ஒரே தேய்ப்பில் ராஜாவின் மூக்கு போய்விடும். ரோமானியச் செம்புக் காசு என்றால் மேலே படிந்த பச்சைப் படலத்தில்தான் எழுத்தே இருக்கும். அது உரிந்தால் வெறும் தகடு. மண்ணோடு சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, நிழலில் உட்கார்ந்து மெல்லிய பிரஷ்ஷால் பாருங்கள். முதல் ரோமானியக் காசை வீடியோ காலில் காட்டியபோது அம்மா சொன்னது, “புளி போட்டுத் தேய்டா, பளபளன்னு வந்துடும்.” குத்துவிளக்குக்குச் சரி. காசுக்குப் புளியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், வினிகரும் வேண்டாம்.

நிலத்துக்காரர்

அவர் மனம் கோணினால் கருவி இருந்தும் பயனில்லை. கோடையில் அவர் மனம் கோண மூன்று நான்கு வழிகள் உண்டு. மேய்ச்சல் புல்லில் வட்டமாக வெட்டி எடுத்து, திரும்ப மூடிவிட்டேன் என்று போய்விடுவது ஒன்று. மற்ற மாதங்களில் அது ஒட்டிக்கொள்ளும். வறட்சியில் வேர் காய்ந்து, பத்து நாளில் பச்சைப் புல்வெளியில் பழுப்பு வட்டங்கள், அதுவும் நீங்கள் நடந்துபோன வரிசையிலேயே. அப்படி ஒரு படத்தை நிலத்துக்காரர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே ஒரு சொல்கூட எழுதவில்லை. அந்தப் புல்வெளிக்கு நான் திரும்பப் போனதில்லை. கோடையில் புல்லை விட்டுவிடுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் குதிரை லாட வடிவில், ஒரு பக்கம் ஒட்டியிருக்க வெட்டி, மூடி, பாட்டில் தண்ணீரை ஊற்றி மிதித்துவிட்டு வாருங்கள்.

தீ அதைவிடப் பெரிது. நடக்கச் சோம்பல்பட்டுக் காரைத் தாள் வயலுக்குள் ஓட்டி நிறுத்துவார்கள். காருக்கு அடியில் புகைக்குழாய்ப் பகுதி கொதித்துக்கொண்டிருக்கும், தாளோ பஞ்சு. ஒரு காற்று போதும். காரை வெளியே, வெறும் மண்ணிலோ தார்ச் சாலை ஓரத்திலோ நிறுத்துங்கள். அறுவடை ஓடும் நாளில் அனுமதி கேட்டுப் போன் செய்யவும் வேண்டாம். ‘மழை வரும் முன்னால் முடிக்கணும்’ என்று ராத்திரி பத்து மணிவரை இயந்திரத்தில் இருக்கிற ஆளிடம் அப்போது என்ன பதில் வரும்? வசந்தத்திலேயே கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வறட்சி காட்டிக்கொடுக்கும் இடங்கள்

2018, 2022 மாதிரி வறண்ட கோடைகளில் நிலம் தன் பழைய முகத்தைக் காட்டும். மண்ணுக்குள் கல்சுவர் இருந்தால் மேலே புல் முதலில் கருகும். பழைய அகழி இருந்தால் பயிர் மற்ற இடத்தைவிடப் பச்சையாக நிற்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ரோமானிய வீட்டின் அறைகள்கூடக் கோடு போட்ட மாதிரித் தெரிவதுண்டு. அதைப் பார்த்ததும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கோடையின் ஆகப்பெரிய தவறு. அந்த இடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், உரிமம் இல்லாமல் அங்கே டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நிலத்துக்காரர் சம்மதித்தாலும் குற்றம்தான். நீர் வற்றிய ஏரிகள் இன்னொரு பொறி. மேலே வெடித்துக் காய்ந்த வண்டல், ஓர் அடிக்குக் கீழே சேறு. முழங்கால்வரை போனபிறகு தனியாக வெளியே வர முடியாது. அந்தப் படுகைக்கும் உடைமைக்காரர் உண்டு என்பது தனி விஷயம்.

ஒரே குழியில் 300 வருடத்துக்கு மேற்பட்ட இரண்டு வெள்ளிக் காசு கிடைத்தால், இங்கிலாந்தில் அது 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல். 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தனிக் காசுகளையும் பதிந்து வைப்பது நல்ல வழக்கம். பானையே தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். வெயில், தாகம், இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம், எல்லாம் சேர்ந்து கையைத் துரத்தும். 2010-இல் சாமர்செட்டில் ஃப்ரோம் அருகே டேவ் கிறிஸ்ப் என்ற டிடெக்டர்காரர், பானை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு ஆட்களை அழைத்தார். அகழாய்வாளர்கள் அடுக்கடுக்காக எடுத்ததில் 52,503 ரோமானியக் காசுகள். காலத்தால் பிந்திய கரோசியஸ் அரசனின் காசுகளில் பெரும்பகுதி பானையின் பாதிக்குக் கீழே இருந்ததால், அது சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் அல்ல, ஒரே தடவையில் நிரப்பியது என்று தெரிந்தது. அவர் அவசரப்பட்டு அள்ளியிருந்தால் காசு கிடைத்திருக்கும், அந்தக் கதை கிடைத்திருக்காது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படித்துவிட்டு, சங்க காலக் காசுகள் கிடைத்த கரூர் அமராவதிப் படுகைக்குக் கருவியோடு கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வரி: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு தவறு: முதல் மழைக்கு முன்பே வயலைக் கைவிடுவது. போன ஆகஸ்டில் ஒரு வயலை நாலு காலைகள் சல்லடை போட்டுத் தேடி, பொத்தான்களும் ஒரு விக்டோரியா பென்னியும் தவிர ஒன்றுமில்லை என்று மூட்டை கட்டினேன். வியாழக்கிழமை இரவு இடியோடு மழை. சனிக்கிழமை காலை, நான் நடந்த அதே வரிசைகளில், என் பழைய செருப்புத் தடத்துக்கு ஒரு அடி தள்ளி, மெல்லிய ஆனால் நிலையான ஒரு சத்தம். ஸ்பேடு வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்கியது. 1916-ஆம் ஆண்டு ஆறு பென்ஸ், 92.5 சதம் வெள்ளி. ஆயா சுருக்குப்பையில் வைத்திருந்த ரூபாயில் இருந்த அதே ஐந்தாம் ஜார்ஜ். தேய்க்காமல் டப்பாவில் போட்டேன்.