பூனைகள் வாழும் வீட்டுக்குப் பெரிய நாயை அழைத்து வருவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பெரிய நாயொன்றை வளர்க்க முடிவெடுத்தவர்களில் ஏற்கெனவே பூனை வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது, "இரண்டும் சிநேகமாகிவிடுமா?" என்பதுதான். அந்தக் கேள்வியைச் சில மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள். நாம் அடைய வேண்டிய நிலை அதைவிட எளியது. பூனை ஓடாமல், பதுங்காமல், தன் வழக்கமான நடையில் அறையைக் கடந்து போக வேண்டும். நாய் படுத்த இடத்தை விட்டு எழாமல் அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒட்டிப் படுத்துத் தூங்கும் நாள் பின்னால் வந்தால் மகிழ்ச்சிதான். வராவிட்டாலும் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்றால், இரண்டு மூன்று வாரத்தில் முடிந்த வீடுகளும் உண்டு, ஆறு மாதம் இழுத்த வீடுகளும் உண்டு. வேகத்தை நிர்ணயிப்பது நீங்களும் அல்ல, நாயும் அல்ல. வீட்டிலுள்ள பூனைகளில் எது மிகவும் பயந்த சுபாவமோ, அதுதான். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு எதிரே முப்பது, முப்பத்தைந்து கிலோ எடையுள்ள நாய் நிற்கிறது. அது விளையாட்டாகப் போடும் ஒரு முன்னங்கால் அடியே பூனையின் எலும்பை முறிக்கப் போதும் என்பதால், "பாசமான நாய், ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கக் கூடாது.

எந்த நாய் என்று தீர்மானிக்கும்போது

துரத்துவது நாயின் கெட்ட குணம் அன்று. வேட்டைக்குரிய இயல்பின் ஒரு பகுதி. கவனித்தல், முறைத்தல், பதுங்கிச் செல்லுதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என்று அந்த இயல்பு ஒரு சங்கிலி போலத் தொடர்கிறது. மனிதர்கள் இனப்பெருக்கத்தின் மூலம் இந்தச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளை வலுப்படுத்தியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் இனங்களுக்கு முறைப்பதும் துரத்துவதும் வலுவாக இருக்கும். கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்களுக்குக் கண்ணெதிரே எது ஓடினாலும் கால்கள் தாமாகக் கிளம்பும். ஆனால் இனத்தைவிட அந்தக் குறிப்பிட்ட நாயின் பழக்கமே முக்கியம். பூனை இருந்த வீட்டில் வளர்ந்ததா, சிறு பிராணிகளை எப்போதாவது கடித்திருக்கிறதா என்று தருபவரிடம் வெட்கப்படாமல் விசாரியுங்கள். பூனையையோ வேறு சிறு பிராணியையோ கொன்ற நாய் என்று தெரிந்தால், எவ்வளவு மனம் இளகினாலும் அதைப் பூனையுள்ள வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

நாய்க்குட்டியாக இருந்தால் வேலை எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ மூன்று, மூன்றரை மாதம் வரை குட்டி எதையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய இனத்தின் குட்டி ஐந்து மாதத்திலேயே பூனையைப் போலப் பல மடங்கு வளர்ந்துவிடும். அடக்கமோ அதற்கு வந்திருக்காது. அமைதியான, வயது வந்த நாயை நான் அதிகம் நம்புகிறேன்.

முதல் படி: நாய் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள்

ஓர் அறையைப் பூனைகளுக்கென்று முழுமையாக ஒதுக்குங்கள். சாப்பாடு, தண்ணீர், படுக்கை, லிட்டர் பாக்ஸ் (பூனை மலசலம் கழிக்கும் மணல் பெட்டி) எல்லாம் அங்கே இருக்க வேண்டும். நாய் அந்த வாசலை எக்காலத்திலும் தாண்டக் கூடாது. லிட்டர் பாக்ஸின் எண்ணிக்கை பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது. நாய்களுக்குப் பூனையின் மலத்தைத் தின்னும் பழக்கம் பரவலாக உண்டு; அதைவிடப் பெரிய சிக்கல், பாக்ஸில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை நாய் வந்து மூக்கை நீட்டினால், பூனை அதற்குப் பிறகு அந்த இடத்தையே வெறுத்துக் கட்டிலின் அடியில் மலசலம் கழிக்கத் தொடங்கிவிடும்.

மற்ற அறைகளில் பூனைக்கு உயரம் தேவை. அலமாரியின் மேற்பலகை, சுவரில் பொருத்திய பலகை, பூனைக் கம்பம் என எதுவானாலும், நாய் பின்னங்காலில் நின்று எட்டினாலும் தொட முடியாத உயரத்தில், ஐந்தடிக்கு மேல் இருக்கட்டும். ஏறும் வழியைப் போலவே இறங்கும் வழியையும் யோசியுங்கள். ஒரே வழிதான் என்றால், அதன் அடியில் நாய் படுத்துக்கொள்ளும் நாளில் பூனை மேலே சிறைப்பட்டுவிடும். அலமாரியிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து வாசலுக்கு என்று தரையைத் தொடாமலே அறையைக் கடக்கும் பாதை அமைந்தால் மிகவும் சிறப்பு.

கைக்குழந்தைகளுக்காக வாசலில் பொருத்தும் தடுப்பு கேட் ஒன்றும் வேண்டும். வழக்கமாகக் கிடைப்பது இரண்டரை அடி உயரம்தான். பெரிய நாய் அதை ஒரே தாவலில் கடந்துவிடும். உயரமானதை வாங்குங்கள், அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டைப் பொருத்துங்கள்.

இரண்டாம் படி: கால்நடை மருத்துவர்

நாய்க்கும் பூனைகளுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி, தெள்ளுப்பூச்சி சிகிச்சை ஆகியவை முடிந்திருக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாய்களின் கழுத்தில் விடும் சில தெள்ளுப்பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நாய்க்குப் பாதகமில்லை. பூனையின் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாததால், பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். மருந்து இட்ட நாயை உரசினாலோ அதன் முடியை நக்கினாலோகூட ஆபத்து உண்டு. வீட்டில் பூனை இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பெர்மெத்ரின் இல்லாத மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பூனைகளின் நக நுனிகளையும் வெட்டிவிடுங்கள். கூர்நகம் நாயின் கண்ணில் பட்டால் கருவிழியில் புண் உண்டாகும்.

மூன்றாம் படி: பார்க்கும் முன் மோப்பம்

முதல் சில நாட்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. நாய் புது வீட்டின் ஓசைகளுக்கும் நேரங்களுக்கும் பழகட்டும். பூனைகள் அதன் குரலைச் சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து கேட்கட்டும். பூனையின் கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் மணச் சுரப்பிகள் உள்ளன. மேசைக் காலில் கன்னத்தை உரசும்போது, "இது என் இடம்" என்று அது எழுதி வைக்கிறது. ஆகவே புதியவரின் அறிமுகமும் மணத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

துவைத்த துணி ஒன்றால் நாயின் முதுகையும் கழுத்தையும் துடைத்து, பூனைகளின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நான்கைந்தடி தள்ளிப் போடுங்கள். பூனை அதை மோந்துவிட்டுச் சாப்பிடப் போனால், அடுத்த நாள் ஓரடி நெருக்கி வையுங்கள்; சீறினாலோ சாப்பிடாமல் திரும்பினாலோ பழைய தூரத்துக்கே கொண்டுபோங்கள். பூனைகளின் மணம் ஏறிய துணியை நாயிடமும் கொடுத்து, மோந்துவிட்டு உங்களைப் பார்க்கும் நொடியில் தின்பண்டம் ஒன்றைத் தாருங்கள். நாய் நடைக்குப் போயிருக்கும் நேரத்தில் பூனைகளை வீடு முழுவதும் உலவ விடுவதும் இந்தப் படியைச் சேர்ந்ததே. நாயின் படுக்கையைப் பூனை நிதானமாக மோந்து பார்ப்பதைக் கண்டால் பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம்.

நான்காம் படி: நாய்க்கு மூன்று பாடங்கள்

இதே நாட்களில், பூனை இல்லாத இடத்தில், நாய்க்கு மூன்றே மூன்றைச் சொல்லிக்கொடுங்கள். பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது. "விடு" என்றால் பார்ப்பதை விட்டுவிடுவது. "இடத்துக்குப் போ" என்றால் தன் பாயில் போய்ப் படுப்பது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை செய்யலாம். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். தெருவில் பறவை கண்ணெதிரே பறக்கும்போதும் "விடு" என்ற சொல்லுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே ஐந்தாம் படிக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: தடுப்புக்கு இருபுறமும்

இந்தச் செய்முறையின் உயிர்நாடி இந்தப் படியில்தான் இருக்கிறது. இதில் அவசரப்பட்டவர்களே பின்னால் வருந்துகிறார்கள். நானும் அவசரப்பட்டேன். எங்கள் வீட்டுக்கு நாய் வந்த நான்காம் நாள், அது ஆழ்ந்து தூங்குகிறது என்று எண்ணித் தடுப்பைத் திறந்துவிட்டேன். மூத்த பூனை வெளியே வந்து பாதி அறையைக் கடந்தபோது நாய் கண்ணைத் திறந்தது. பூனை ஓடியது, ஓடியதனால்தான் நாயும் பாய்ந்தது. காயம் எதுவும் இல்லை, ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போன பூனை இரவு வரை வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதற்கு ஏழு வாரம் ஆனது.

சரியான முறை இது. முதலில் நாயை நன்றாக நடக்க வைத்து, மோந்து திரிய விட்டு, களைத்த பிறகு அழைத்து வாருங்கள். அதன் கழுத்துப் பட்டையில் மாட்டிய வாரைக் கையில் பிடித்துக்கொண்டு தடுப்பிலிருந்து பத்துப் பதினைந்தடி தள்ளி உட்காருங்கள். வேறொருவர் பூனைகளின் பக்கம் இருந்து அவற்றுக்குப் பிடித்த உணவைத் தரட்டும். பட்டாணி அளவுக்கு வெட்டிய தின்பண்டத் துண்டுகள் உங்கள் கையில் தயாராக இருக்கட்டும். நாய் பூனையைப் பார்க்கும். பார்த்தவுடன், அது எழுவதற்கு முன்பே, அமைதியான குரலில் பெயரைச் சொல்லி, திரும்பினால் ஒரு துண்டு தாருங்கள். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

சில நாட்கள் கழித்து ஒரு மாற்றம் தெரியும். எங்கள் நாயிடம் நான் அதைக் கண்ட மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. பூனை தடுப்புக்கு அப்பால் நடந்தது. நாயின் காதுகள் முன்னால் வந்தன, வாய் மூடியது, மூச்சு ஒரு நொடி நின்றது. பிறகு, நான் வாயைத் திறக்கும் முன்பே, காதுகள் தளர்ந்து, தலை மெல்லத் திரும்பி என் கையைத் தேடியது. பூனையைக் கண்டால் உங்களைப் பார்க்க வேண்டும் என்று நாயே முடிவு செய்யும் அந்தக் கணம் வந்த பிறகு, தூரத்தை நாளுக்கு ஓரடியாகக் குறைக்கலாம்.

நாயின் உடல் விறைத்து, இமைக்காமல் மூன்று நொடிக்கு மேல் முறைத்து, நடுங்கியோ முனகியோ நின்றால், பெயரைச் சொல்லியும் திரும்பாவிட்டால், தூரம் போதவில்லை என்று பொருள், பின்வாங்குங்கள். வாலாட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். உயர்ந்து விறைத்த வால் வேகமாக ஆடுவது நட்புக்கு அடையாளமன்று. பூனையின் காதுகள் பக்கவாட்டில் மடிந்து, கண்மணி விரிந்து, வால் சாட்டை போலச் சுழன்றால் அதற்கும் அன்றைக்குப் போதும். பூனை சீறுவதையும் நாய் உறுமுவதையும் கண்டிக்காதீர்கள். அவை எச்சரிக்கைகள், எச்சரிக்கையை அடக்கினால் அடுத்து வருவது கடிதான். வாரைச் சுண்டி இழுத்துத் தண்டித்தால், பூனை வந்தாலே கழுத்து வலிக்கிறது என்று நாய் கற்றுக்கொள்ளும்.

ஆறாம் படி: ஒரே அறையில்

தடுப்பின் அருகே இரண்டும் அமைதியாகச் சாப்பிடும் நிலை ஒரு வாரமாவது நீடித்த பிறகு, நாயை வாருடன் பாயில் படுக்க வைத்து, பூனையின் அறைக் கதவைத் திறந்து வையுங்கள். பூனை தானாக வர வேண்டும். அதைத் தூக்கி வந்து நாயின் முகத்தருகே காட்டுவதும், கூண்டில் அடைத்து நாயை மோந்து பார்க்க விடுவதும் பெருந்தவறு. தப்ப வழியில்லாத பூனை உங்கள் கையையும் முகத்தையும் கீறிவிடும், நாயைப் பற்றிய அச்சமும் அதன் மனத்தில் உறைந்துவிடும். வராவிட்டால் வராமலே இருக்கட்டும்.

இப்படிப் பல நாட்கள் கடந்த பின் வாரைக் கையிலிருந்து விட்டு, தரையில் இழுபடுமாறு நாயை நடமாட விடுங்கள். தேவைப்பட்டால் வாரின் நுனியை மிதித்து நிறுத்தலாம். வீட்டுக்குள் சாந்தமாக இருக்கும் நாய், திறந்த வெளியில் அதே பூனை ஓடுவதைக் கண்டால் துரத்தக்கூடும் என்பதால், முற்றத்திலும் தோட்டத்திலும் வார் தொடர வேண்டும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகள்

பூனை ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரை அழையுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின், குறிப்பாகப் பருமனான பூனையின், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிறது. ஆண் பூனை லிட்டர் பாக்ஸில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முக்கினால், அது மன அழுத்தத்தால் தூண்டப்படக்கூடிய அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாய் கவ்வியிருந்தால், தோலில் சிறு துளைதானே என்று விட்டுவிடாதீர்கள். மேலே சிறிதாகத் தெரியும் கடியின் அடியில் தசையும் விலா எலும்பும் நசுங்கியிருக்கலாம்.

பல மாதங்கள் உண்மையாக முயன்ற பிறகும் நாய் பூனையை இரையாகவே பார்க்கிறது என்றால், நாய்களின் நடத்தையில் பயிற்சி பெற்ற ஒருவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். அவரும் கைவிரித்தால், நிரந்தரமாக இரு பகுதிகளாக வாழ்வதா, நாய்க்குப் பூனையில்லாத நல்ல வீடு தேடுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

எல்லாம் நன்றாகப் போனாலும், இரண்டையும் தனியே விட்டுச் செல்வதை மட்டும் தள்ளிப் போடுங்கள். எங்கள் வீட்டில் நாயும் மூத்த பூனையும் இப்போது ஒரே ஜன்னல் வெயிலில் படுக்கின்றன. ஆனாலும் வெளியே கிளம்பும் முன் பூனைகளை அவற்றின் அறைக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தாழ் விழுந்ததா என்று ஒரு முறை தள்ளிப் பார்த்த பிறகே புறப்படுகிறோம்.