குன்னூர்க் குளிரில் நாலடி மீன் தொட்டி: பழைய தொட்டி வாங்கி முதன்முதலாக அமைப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு முன்னறையில் நாலடி மீன் தொட்டி ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது. அதில் ஹீட்டர் கிடையாது. மார்கழிக் காலையில் அறையில் 13 டிகிரி காட்டும்போதுகூட தொட்டித் தண்ணீர் 16-க்குக் கீழே இறங்கியதில்லை. உள்ளே நான்கு கோல்ட் ஃபிஷ். நான்கும் நன்றாக வளர்ந்துவிட்டன, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம்.

மலையில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட் ஹீட்டர் வாங்கணும் அக்கா?" என்றுதான். இந்தக் குளிரில் எந்த மீன் சுகமாக இருக்கும் என்று கேளுங்கள். அது முடிவானால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1. தொட்டிக்கு முன்னால் மீன்

கோல்ட் ஃபிஷ், ஜீப்ரா, ரோஸி பார்ப், ஒயிட் கிளவுட் ஆகிய நான்கும் குளிர்ந்த தண்ணீரைத் தாங்கும். ஒயிட் கிளவுட் சீனாவின் மலை ஓடைகளில் பிறந்த மீன், 18 டிகிரி அதற்குச் சொர்க்கம். ஜீப்ராவுக்கும் ரோஸி பார்புக்கும் 18-க்குக் கீழே நீண்ட நாள் போகாமல் இருப்பது நல்லது. ஊட்டியில் இருப்பவர்கள் கோல்ட் ஃபிஷ், ஒயிட் கிளவுட் இரண்டில் ஒன்றோடு நின்றுகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து விடாதீர்கள், பெரியது சின்னதை விழுங்கிவிடும்.

டிஸ்கஸ், ஏஞ்சல், ஆஸ்கார், அரோவானா எல்லாம் வெப்பநாட்டு ஆற்று மீன்கள். 25 டிகிரிக்கு மேல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் ஓடினாலே 3.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 216 யூனிட். அதைவிடக் கவலை, ஆடி மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போவது. ஹீட்டரை நம்பி உயிர் வாழும் மீன் அந்த இரண்டு நாளில் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு மனசு கேட்காது.

புதிதாகத் தொடங்குகிறவர் சின்னத் தொட்டியில் பழகிவிட்டுப் பெரியதற்குப் போகலாம் என்பார்கள். மலையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீர் மதியத்துக்கும் விடியலுக்கும் இடையே ஐந்தாறு டிகிரி ஏறி இறங்கும். 200 லிட்டருக்கு மேல் போனால் அது ஒன்றிரண்டு டிகிரியோடு நின்றுவிடும். அழுக்கு சேர்வதும் மெதுவாகத்தான். பெரிய தொட்டி பிழை பொறுக்கும்.

2. பழைய தொட்டி பார்த்து வாங்குவது

குன்னூரை ஒட்டிய வெலிங்டனில், ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜில் படிப்பு முடிந்து ஏப்ரல் வாக்கில் மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் சாமான்களை விற்கும். மலையேற்றிக் கொண்டுவரும் வாடகை மிச்சம் என்பதால் முதலில் உள்ளூரில் தேடுங்கள். நான் வாங்கியது கோத்தகிரியில் ஒரு பெரியவரிடம். "கண்ணாடிக்கு என்னம்மா வயசு, அது அப்படியேதான் இருக்கும்" என்றார். கண்ணாடியைப் பற்றி அவர் சொன்னது சரி. வயசாவது கண்ணாடிகளை ஒட்டிப் பிடிக்கும் சிலிக்கான் பசைக்கு.

4×1½×1½ அடித் தொட்டிக்கு 10 மி.மீ. கண்ணாடி இருந்தால் நிம்மதி. 8 மி.மீ. என்றால் மேல் விளிம்பில் குறுக்குக் கண்ணாடிப் பட்டி கட்டாயம் இருக்க வேண்டும். கீறல் இருந்தால் பரவாயில்லை. ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தாலோ மூலையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடினாலோ இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். மூலைச் சிலிக்கானை நகத்தால் நெருடிப் பாருங்கள். ரப்பர் மாதிரி அமுங்கி மீண்டால் நல்லது. பொடியாக உதிர்ந்தாலோ தோல் மாதிரி உரிந்து வந்தாலோ மறுபடி பூச வேண்டிவரும், அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தூக்க நான்கு பேர் வேண்டும். வெறும் கண்ணாடியே 50 கிலோவுக்கு மேல். வண்டியில் மெத்தை விரித்து, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு கல்லோ இல்லாமல் காலி செய்து ஏற்றுங்கள்.

3. ஒழுகுகிறதா என்று பார்ப்பது

வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வாசலிலோ கார் நிறுத்துமிடத்திலோ சமதரையில் தெர்மாகோல் விரித்து அதன்மேல் வையுங்கள். சுற்றிலும் செய்தித்தாள் பரப்புங்கள். முதல் நாள் பாதி, மறுநாள் முழுசு. நிரப்பி ஒரு வாரம் விடுங்கள்.

என் தொட்டி இரண்டு நாள் ஒழுகவே இல்லை. மூன்றாம் நாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்க வலது மூலையில், தரையிலிருந்து நாலு விரற்கடை மேலே, கடுகளவு ஒரு முத்து. துடைத்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் மறுபடி அதே அளவு முத்து. கீழே இருந்த செய்தித்தாள் நனைந்திருக்கவில்லை. குன்னூர் மூடுபனியில் கண்ணாடி முழுக்க வியர்த்திருக்கும், அதனால் இது எளிதில் கண்ணில் படாது. துடைத்துவிட்டு அரைமணி கழித்துப் பார்ப்பதுதான் வழி. வியர்வை பரவலாக வரும். ஒழுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும்.

சரிசெய்ய, தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு உள்மூலைகளில் இருக்கும் பழைய சிலிக்கானை பிளேடால் சுத்தமாகச் சுரண்டுங்கள். ஒழுகும் மூலையை மட்டும் பூசினால் நிற்காது, ஏனென்றால் புதுச் சிலிக்கான் பழைய சிலிக்கானில் சரியாக ஒட்டாது. உள்பக்க எல்லா மூலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பிடித்து நிற்கும் சிலிக்கானில் மட்டும் பிளேடு படக்கூடாது, தொட்டியைத் தாங்குவதே அதுதான். சுரண்டிய இடத்தை ஸ்பிரிட்டில் துடைத்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூசியதும் ஈர விரலால் ஒரே இழுப்பாக வழித்து, தோல் கட்டும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள்.

கடையில் கேட்கும்போது மீன் தொட்டிக்கான சிலிக்கான் என்று கேளுங்கள். பாத்ரூமுக்கு விற்கும் ரகத்தில் பூஞ்சை பிடிக்காத மருந்து கலந்திருக்கும், மீனுக்கு விஷம். தொட்டிச் சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். சமவெளியில் இரண்டு நாளில் காய்வது இங்கே குளிரில் இழுக்கும். நான் ஒரு வாரம் காயவிட்டு, வாடை முழுக்கப் போன பிறகுதான் மறுபடி நிரப்பிச் சோதித்தேன்.

4. இடமும் ஸ்டாண்டும்

தண்ணீர் 255 லிட்டர், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 350 கிலோவை ஒட்டும். பழைய பங்களாக்களிலும் மாடி வீடுகளிலும் பலகைத் தரை இருந்தால் அதில் வைக்காதீர்கள். கீழ்த்தளம், சிமெண்ட் தரை, சுவரோரம். நேர் வெயில் படும் ஜன்னலும் அடுப்பும் பக்கத்தில் கூடாது.

இரும்பு ஸ்டாண்டு என்றால் துருத்தடுப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள், நம் ஈரக்காற்றில் இரண்டே வருடத்தில் அரித்துவிடும். மேலே ஒரே துண்டாக கெட்டிப் பலகை, அதன்மேல் தெர்மாகோல், பிறகு தொட்டி. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் பாரம் முழுக்க அந்தப் பக்கத்து ஒட்டில் இறங்கும். பின்பக்கமும் இரு பக்கங்களிலும் தெர்மாகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் ராத்திரிக் குளிர் உள்ளே இறங்குவது வெகுவாகக் குறையும். சுவரும் பூஞ்சை பிடிக்காது.

5. கழுவுதல், கல், ஃபில்டர்

சோப்பு படவே கூடாது. கண்ணாடியில் பிடித்த வெள்ளைக் கறையை, வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் போட்டு ஊறவைத்துத் தேயுங்கள். கல் 20, 25 கிலோ கடையில் வாங்கி, கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். ஓடையிலிருந்து அள்ளி வராதீர்கள். ஃபில்டர் மணிக்கு 1000 லிட்டராவது சுற்ற வேண்டும். கூடவே ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி பம்ப். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.

6. நம் மலைத் தண்ணீர்

சமவெளி ஆட்கள் சொல்லும் எந்தக் குறிப்பிலும் இல்லாத சங்கதிகள் இதில் உண்டு.

நம் ஊற்றுத் தண்ணீர் மிருதுவானது. கெட்டிலில் வெள்ளைப் படிவு பிடிக்காது, சோப்பு நுரை லேசில் போகாது. குடிக்க அருமை. ஆனால் மீன் தொட்டியில் நாளாக ஆகப் புளிப்பு ஏறும், அதைத் தடுத்து நிறுத்த இந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. புளிப்பு அதிகமானால் கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். மருந்து எளிது. இரண்டு கைப்பிடி கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, கொதிக்கவைத்து, வலைப் பையில் கட்டி ஃபில்டருக்குள் போடுங்கள். சுடாத கிளிஞ்சல்தான், சுட்ட சுண்ணாம்பு போட்டால் மீன் செத்துவிடும். கோல்ட் ஃபிஷ்ஷுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும்.

அடுத்தது காற்று. குன்னூர் 1850 மீட்டர் உயரம், ஊட்டி 2240. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஒரே சூட்டில் இருக்கும் தண்ணீரில் கடற்கரை ஊரில் கரைவதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் பிராணவாயு கரையும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அது ஈடாகிவிடும். ஹீட்டர் போட்டுச் சூடாக்கினால் ஈடாகாது. ஹீட்டர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

நகராட்சித் தண்ணீர் என்றால் மழைக்காலத்தில் பிளீச்சிங் வாடை தூக்கலாக வரும். டிரம்மில் பிடித்து ஒரு நாள் காற்றுக் குழாய் ஓடவிடுங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை அளவு பார்த்து விடுங்கள்.

7. மீன் இல்லாத வாரங்கள்

என் முதல் தொட்டிக்கு மீன் விற்ற கடையில், "இன்னைக்கே விடலாம் மேடம், மருந்து ஊத்தினா போதும்" என்றார்கள். விட்டேன். பத்து நாளில் ஆறு மீனும் செத்தன. ஒவ்வொன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மீனின் கழிவு அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவதை மீன் ஓரளவு வரை தாங்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இருக்காது, வளர்த்தெடுக்க வேண்டும். ஃபில்டரை ஓடவிட்டு தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வாரம் இருமுறை பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்றால்தான் தொட்டி தயார்.

26 டிகிரியில் இது நாலிலிருந்து ஆறு வாரம். குளிர்ந்த தண்ணீரில் பாக்டீரியா மந்தமாகத்தான் பெருகும், இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே இந்தக் கட்டத்துக்கு மட்டும் யாரிடமாவது ஹீட்டரை இரவல் வாங்கி 26-ல் வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் ஆறிய பிறகு மட்டத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அதன் கண்ணாடி வெடிக்கும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால் பாதி நாள் மிச்சம்.

8. மீன் வரும் நாள்

கோவையில் வாங்கினால் மூடி போட்ட வாளியும் பேட்டரி பம்பும் கொண்டுபோங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள். தவிர, காற்றடைத்துக் கட்டிய பை மலை ஏற ஏற உப்பும். பர்லியார் தாண்டும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

கீழே 28 டிகிரியில் இருந்த மீனை 17 டிகிரியில் இறக்கினால் அதிர்ச்சியில் நோய் வரும். அதனால் மீன் வரும் முன்பே தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றி, இரவல் ஹீட்டரை 25-ல் வைத்திருங்கள். தொட்டித் தண்ணீரை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு மணி நேரம் பழக்கி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். வாளித் தண்ணீர் சாக்கடைக்கு. பிறகு நாளுக்கு ஒரு டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து, அறைச் சூட்டைத் தொட்டதும் ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதலில் இரண்டு கோல்ட் ஃபிஷ் போதும். மூன்று வாரம் கழித்து இன்னும் இரண்டு. முதல் ராத்திரி அவை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். விளக்கை அணைத்துவிடுங்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். மறுநாள் காலை இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும் உணவு. குளிர் கூடும் நாளில் அதிலும் பாதி. மூன்றாம் நாள் அம்மோனியா பாருங்கள். துளி காட்டினாலும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதிதாக ஊற்றும் தண்ணீரில் ஒரு கெட்டில் வெந்நீர் கலந்து, தொட்டித் தண்ணீரிலும் வாளியிலும் மாறி மாறிக் கைவைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றுபோல இருந்தால் மெல்ல ஊற்றுங்கள்.