ஷிஃப்ட் முடிந்து வந்து சமைப்பது எப்படி? வாரம் மூன்று இரவு, ஒரு சட்டிப் பருப்பு

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் காலை 7 முதல் மாலை 7 வரை ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். குளுகோரில் இருக்கும் வீட்டுக்கு வந்து மோட்டாரை நிறுத்தும்போது மணி 7.40. கால் கடுக்கும். ஃப்ளாட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது, தாப்பாவ் பொட்டலம் ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். மேலே ஏறிப்போனால் வெங்காயம் உரிக்க வேண்டும், காய் நறுக்க வேண்டும், சட்டி கழுவ வேண்டும். ஆறு வருடமாக எனக்குக் கடைதான் ஜெயித்தது.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் சீனி அளவு எல்லைக் கோட்டில் நிற்கிறது என்றார்கள். அப்பாவுக்கு இனிப்புநீர், பெரியப்பாவுக்கும் இனிப்புநீர். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இது இருக்கிறது. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பாயில் உட்காருகிறவர்களை எண்ணினால் கணக்கு இன்னும் மோசம்.

அதனால் சமைக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, கஷ்டம் சமையலில் இல்லை, அந்த 7.40 மணியில்தான் இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த நேரத்தைச் சமாளிப்பதற்குத்தான். வெந்நீர் வைக்கத் தெரிந்தால் போதும், மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

படி 1: மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள்

வாயில் போவதை எல்லாம் கைப்பேசியில் எழுதி வையுங்கள். "காலை: ரொட்டி சானாய் 2, தே தாரிக். 10 மணி: கறிபாப்." இப்படித்தான். யாருக்கும் காட்ட வேண்டாம், கூட்டிக் கழித்துக் கலோரி பார்க்கவும் வேண்டாம். என் குறிப்பை மூன்றாம் நாள் படித்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒரு நாளைக்கு நான்கு தே தாரிக்! எண்ணெய்ப் பலகாரம்தான் என் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இரண்டாவது இடம்தான்.

படி 2: முதலில் குவளை, அப்புறம் தட்டு

சமைக்கத் தொடங்கும் முன்பே மாற்றக்கூடியது இதுதான், கத்தி கூடத் தேவையில்லை. தே தாரிக்கில் ஊற்றுகிற கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். ஒரேயடியாக நிறுத்தினால் நான்காம் நாள் திரும்பவும் அதே மேசையில் உட்கார்ந்திருப்பீர்கள், நான் உட்கார்ந்தேன். படிப்படியாக இறங்குங்கள். முதல் இரண்டு வாரம் "தே தாரிக் குராங் மானிஸ்", அதாவது இனிப்புக் குறைவாக. அடுத்த இரண்டு வாரம் "தே சி கோசோங்", அதாவது சீனி இல்லாமல் பால் மட்டும். அதற்குப் பிறகு முடிந்தால் "தே ஓ கோசோங்", பாலும் இல்லை, சீனியும் இல்லை. நான் இன்னும் தே சி கோசோங்கில்தான் நிற்கிறேன், அதற்குக் கீழே இறங்க மனசு வரவில்லை.

கடையில் பாட்டில் பானம் வாங்கும்போது பின்பக்க அட்டவணையில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சீனி என்று பாருங்கள். ஐந்தைத் தாண்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். ஐந்து நான் சொந்தமாகக் கண்டுபிடித்த எண் இல்லை. 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டபோது வைத்த கோடு அது.

இனிப்புநீருக்கு ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சீனியையும் சோற்றையும் சட்டென்று குறைக்க வேண்டாம். கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சீனி அளவு ரொம்ப இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

படி 3: மூன்று இரவு மட்டும்

ஏழு நாளும் சமைப்பேன் என்று கிளம்பாதீர்கள். எனக்கு ஞாயிறு, செவ்வாய், வியாழன். மற்ற நாள் பழையபடி கடைதான். ஐஸ் பெட்டிக் கதவில் மூன்று நாளையும், என்ன சமையல் என்பதையும் ஒரு தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன். 7.40 மணிக்கு "இன்னைக்கு என்ன சமைக்கலாம்?" என்று யோசிக்க ஆரம்பித்தால் கால் தானாகக் கீழே இறங்கிவிடும்.

படி 4: ஞாயிற்றுக்கிழமை பாசார்

நான் போவது பினாங்கு ரோட்டில் இருக்கும் சௌரஸ்தா சந்தைக்கு. ஆயர் ஈத்தாம், புலாவ் தீக்குஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயே பாசார் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சௌரஸ்தாவில் ஒரே ஒரு எச்சரிக்கை: சீனியில் ஊறின ஜாதிக்காய் ஜெருக் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். ஒரு துண்டோடு நகர்ந்துவிடுங்கள்.

முதல் வாரம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வக் கோளாறில் கங்கோங், சாவி, பயாம், வல்லாரை, முருங்கைக்கீரை என்று ஐந்து கீரை வாங்கிவந்து, நனைந்த பிளாஸ்டிக் பையோடு அப்படியே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் திணித்தேன். வியாழக்கிழமை திறந்தால் கரும்பச்சையாக ஒரு கூழ். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "நீ என்னப்பா, மாட்டுக்கா வாங்கினே?" என்று கேட்டார்கள்.

இப்போது வாங்குவது இவ்வளவுதான்: பயாம் கீரை இரண்டு கட்டு, பயத்தங்காய் ஒரு கட்டு, தக்காளி ஆறு, முட்டை பத்து, கெம்போங் மீன் ஆறு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய். மைசூர் பருப்பு ஒரு கிலோ வாங்கினால் ஒரு மாதத்துக்கு வரும். மீனுக்குக் கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பால் படிந்த மாதிரி இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் எழ மாட்டீர்கள். நாற்பது நிமிட வேலை:

கீரையைக் கழுவாமல், அழுகின இலையை மட்டும் கிள்ளிவிட்டு, பழைய நாளிதழிலோ கிச்சன் டிஷ்யூவிலோ சுருட்டி டப்பாவில் வையுங்கள். ஈரம்தான் எதிரி. இப்படி வைத்தால் வியாழன்வரை தாங்கும். பயத்தங்காயைக் கழுவித் துடைத்து விரல் நீளத்துக்கு நறுக்கி இன்னொரு டப்பா. கறிவேப்பிலையை உருவி, தண்ணீர் இல்லாமல் உலர்த்தி உறைபெட்டியில் போட்டுவிட்டால் தாளிக்கும்போது அப்படியே எடுத்துப் போடலாம். பூண்டும் இஞ்சியும் அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்குங்கள். மீனை அலசி, மஞ்சளும் உப்பும் தடவி, இரண்டிரண்டாகப் பொட்டலம் கட்டி உறைபெட்டிக்குள். சமைக்கிற நாள் காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு பொட்டலத்தைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவைத்தால் சாயங்காலம் பதமாக இருக்கும்.

படி 5: பருப்பும் கீரையும்

முதல் மாதம் முழுக்க இதை ஒன்றை மட்டும் செய்தாலும் போதும். ஏன் மைசூர் பருப்பு? துவரம் பருப்புக்குப் பிரஷர் குக்கர் வேண்டும், விசில் எண்ண வேண்டும். இது ஊறவைக்காமலே சாதாரண சட்டியில் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும்.

வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலை அரிசி. ரைஸ் குக்கரோடு வரும் குவளை 180 மில்லி. ஒருவருக்கு முக்கால் குவளை போதும். கழுவிப் போட்டு பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போங்கள். கவனியுங்கள், குக்கரைத்தான் விட்டுவிட்டுப் போகலாம், கேஸ் அடுப்பை இல்லை. நான் ஒருநாள் பருப்பையும் அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் நுரை பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருந்தது, வீடு முழுக்க கேஸ் வாடை. சன்னல்களைத் திறந்துவிட்டு, விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் வாசலில் துண்டோடு நின்றேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சரி, குளித்தாயிற்று. அதே குவளையில் அரைக் குவளை பருப்பு. மூன்று முறை கழுவுங்கள், தண்ணீர் ஓரளவு தெளியும். சட்டியில் இரண்டு குவளை தண்ணீர், பருப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், நசுக்கின பூண்டு மூன்று பல், கீறின பச்சை மிளகாய் ஒன்று, நான்கு சொட்டு எண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும். உப்பும் புளிப்பும் இப்போது வேண்டாம், குறிப்பாகத் தக்காளியை முதலிலேயே போட்டால் பருப்பு வேக அடம்பிடிக்கும்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து மூடுங்கள். முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருந்த பருப்பு மெல்ல மஞ்சளுக்கு மாறும். பத்து நிமிடத்தில் ஓரங்கள் கரைந்து நடுவில் மட்டும் மணி மணியாகத் தெரியும். பதினைந்தாவது நிமிடம் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்குங்கள். வழுக்கிக்கொண்டு ஓடாமல் மாவாக நசுங்கினால் வெந்துவிட்டது. மத்து இல்லையென்றால் கரண்டியின் முதுகால் நான்கு தேய்ப்பு தேயுங்கள்.

அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு கட்டுக் கீரையை நன்றாக அலசி நறுக்கிவிடலாம். தண்டை எறிய வேண்டாம், பொடியாக அரிந்து தனியே வையுங்கள். இப்போது நறுக்கின தக்காளி ஒன்றும் தண்டும் சட்டிக்குள், மூன்று நிமிடம். அப்புறம் இலை. மலை போலத் தெரியும், ஒரு கிளறலில் அடங்கிவிடும். மூடாமல் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் பச்சை நிறம் மாறாது. அரைத் தேக்கரண்டி உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்கிறது, அது ஒரு தேக்கரண்டிதான். இந்தச் சட்டி இரண்டு வேளைக்கு வரும் என்பதால் கணக்குச் சரியாக இருக்கும்.

தாளிப்பை விட்டுவிடாதீர்கள். ஆரோக்கியம் என்று சொல்லித் தாளிக்காமல் சாப்பிட்டவர்கள் ஒரு வாரத்தில் கடைக்கே ஓடிவிட்டார்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். சின்னக் கரண்டியில் காயவைத்து ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள், துள்ளினால் மீதியைப் போடுங்கள். பொரிந்து அடங்கினதும் சீரகம், கிள்ளின காய்ந்த மிளகாய், நறுக்கின சின்ன வெங்காயம் நான்கு. வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்போது கறிவேப்பிலை போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், உறைபெட்டியிலிருந்து வந்தது வெடிக்கும். அப்படியே பருப்பில் கொட்டி உடனே மூடி இரண்டு நிமிடம் வையுங்கள். அந்த வாசனை சட்டிக்குள்ளேயே இறங்கட்டும்.

கூட ஒரு முட்டை, அல்லது பயத்தங்காயை வதக்கி அதிலேயே முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் பொரியல் தயார். வியாழக்கிழமை கெம்போங் மீனை மிளகாய்த்தூள் தடவித் தோசைக்கல்லில் போட்டு எடுப்பேன்.

மீதிப் பருப்பை ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வையுங்கள், சோற்றையும் அப்படித்தான். நம் ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோற்றில் கிருமி வளர்ந்துவிடும், சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. மறுநாள் ஒருமுறை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

படி 6: தட்டில் கோடு

சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரோ" (மலாயில் கால், கால், பாதி) என்று ஒரு தட்டுக் கணக்குச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை மாதிரி புரதம், பாதி காய்கறியும் பழமும். இதை அம்மாவிடம் விளக்கியபோது, "அதுக்கு எதுக்கு ரெண்டு சுக்கு? ஒண்ணு தட்டிப் போட்டா போதாதா?" என்றார்கள். சோற்றை முதலில் போட்டால் கால் பங்கு ஒருநாளும் கால் பங்காக நிற்காது. முதலில் காயைப் பாதித் தட்டுக்குப் பரப்பிவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில் சோற்றைப் போடுங்கள்.

நடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்ட பிறகு ஃப்ளாட்டைச் சுற்றிப் பத்து நிமிடம், சாப்பிட்டதும் ஏறுகிற சீனிக்கு அது நல்லது. ஞாயிறு காலை பாசாருக்குப் போகும் முன் தண்ணீர்மலை முருகன் கோவில் படிகள் 513. முதல் நாள் நான் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன்.

கடை நாள் வந்தால்

நாசி கண்டாரை விடச் சொல்ல நான் யார்? பினாங்கில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டி குழம்பை ஊற்றிவிடும். "நாசி செபாரோ, குவா அசிங்": சோறு பாதி, குழம்பு தனியாக. நான் முதல் தடவை இப்படிக் கேட்டபோது, கடைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, டயட்டா?"

"இல்லண்ணே. வெண்டிக்காய் இன்னும் ரெண்டு போடுங்க."