டொக்டர்மாரிட்ட சேர்வே நிரப்பக் காசு குடுக்கேக்க விடுற பிழையள்

யாழ்ப்பாணத்தில ரெண்டு சேர்வேக்கு டொக்டர்மாரிட்டப் படிவம் கொண்டு திரிஞ்சனான், இப்ப புதுசா ஆய்வு தொடங்குற பிள்ளையளும் அதே பிழையளை விடுறதைப் பாக்கக் கவலையாக் கிடக்கு, அதான் எழுதுறன்.

பெரிய பிழை, நிரப்பித் தந்தாப் பிறகு காசு தாறம் எண்டுறது. ஒரு நாள் பின்னேரம் தனியார் கிளினிக் ஒண்டில, வெளிய வாங்கு நிறைய ஆக்கள், டொக்டர் பாவம் அதுக்குள்ளயும் பேனையை எடுத்து நிரப்பிக்கொண்டு வந்தவர், கடைசிப் பக்கத்தில ஐடி நம்பர், பாங்க் எக்கவுண்ட் நம்பர், கையெழுத்து எண்டு கிடந்ததைப் பாத்திட்டு மூடியைப் போட்டு மூடிட்டார். "தங்கச்சி, பேர் எழுதத் தேவையில்லை எண்டுதானே முன்னுக்குப் போட்டிருக்கு?" எண்டு கேட்டார். என்னட்டப் பதில் இல்லை. காசுக்குக் கையெழுத்து வேணுமெண்டா அதைத் தனித்தாளில வாங்குங்கோ, படிவத்தோட சேர்க்கவே கூடாது.

காசை முதலே குடுக்கிறதோ பிறகு குடுக்கிறதோ நல்லம் எண்டு அமெரிக்காவில பெரி, கனூஸ் எண்ட ரெண்டு ஆய்வாளர் சோதிச்சு 1987ல எழுதினவை. 20 டொலர் செக்கைப் படிவத்தோடயே அனுப்பின டொக்டர்மாரில 78 வீதம் பதில் போட்டவை, பிறகு தாறம் எண்டு சொன்னவையில 66 வீதம்தான். காசு அதே காசு, குடுத்த நேரம்தான் வேற. முதலே கையில தந்தா, என்னை நம்பித் தந்திருக்கினம் எண்டு மனுசருக்கு ஒரு இது வரும்தானே.

அடுத்தது, தொகையைக் கூட்டினாச் சரி எண்டு நினைக்கிறது. கொன்சல்டன் எண்ட விசேட வைத்தியர் ஒராள் பின்னேரம் உழைக்கிறதுக்கு ஈடா எங்களால குடுக்க ஏலாது, குடுக்கவும் தேவையில்லை, அது நன்றிக்குத் தாற காசு, கூலி இல்லை. அளவுக்கு மிஞ்சினா, ஆய்வு நேர்மையா நடக்குதோ எண்டு பாக்கிற எதிக்ஸ் கமிட்டி கேள்வி கேக்கும், டொக்டருக்கும் மருந்துக் கொம்பனி ரெப் ஆரும் பின்னால நிக்கினமோ எண்டு சந்தேகம் வரும். ஆற்ற காசு எண்டதை முதல் பக்கத்திலயே எழுதுங்கோ.

குலுக்கலில டப்லெட் தருவம் எண்டுறதை விடுங்கோ, கிடைக்குமோ தெரியாத ஒண்டுக்காகக் கனபேர் மினக்கெடமாட்டினம். இருபது பக்கப் படிவத்தையும் காசு காப்பாத்தாது.

படிவத்தையும் காசு வச்ச என்வலப்பையும் கவுண்டரில குடுத்திட்டு வாறதும் பிழை, டொக்டரின்ர கைக்குப் போகாமலே லாச்சிக்குள்ள கிடக்கும். நேர குடுங்கோ. பதில் வராட்டி ரெண்டு கிழமையால ஞாபகப்படுத்துங்கோ, ஆனா "காசு தந்தனாங்கள்தானே" எண்ட சொல்லு மட்டும் வாயில வரக்கூடாது, நிரப்பாட்டியும் அது அவையின்ர காசுதான்.