தூங்கி எழுந்தும் அசதி போகவில்லையா? கல்லூரி மாணவர்களுக்குச் சில வழிகள்

இரண்டாம் வருடம் படிக்கும்போது எங்கள் வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பம் வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன், நெஞ்சு படபடவென்று அடிக்கும். "ராத்திரி எல்லாம் போன் பார்த்தால் இப்படித்தான்" என்றார்கள் வீட்டில். சோம்பேறித்தனம்தான் என்று நானும் ஒரு வருடம் நம்பினேன். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4.

அதனால் நான் சொல்லும் முதல் வேலை ரத்தப் பரிசோதனைதான். சில வாரங்களாக அசதி விடவில்லை என்றால் சிபிசி (ரத்த அணுக்களின் அளவைப் பார்க்கும் பரிசோதனை) எடுங்கள், அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, இதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருந்தது, அதாவது உங்கள் பெஞ்சில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு அதிகம். கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள், உள்ளே சிவப்பில்லாமல் வெளுத்திருக்கிறதா? பச்சரிசி, சாக்பீஸ், விபூதி என்று எதையாவது தின்னத் தோன்றுகிறதா? அதுவும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறிதான், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரத்தம் போகும் வழியை அடைக்காமல் மாத்திரை மட்டும் விழுங்கிப் பயனில்லை. தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள், முக்கியமாகச் சைவம் சாப்பிடுபவர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடும் பாலோடும் போடாதீர்கள், எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. உடம்பில் இரும்புச்சத்து இருப்பு சேர இன்னும் சில மாதம் ஆகும், டாக்டர் சொல்லும் வரை தொடருங்கள்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, சுண்டல், முடிந்தால் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால் சத்து நன்றாகச் சேரும். மாதுளை ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறும் என்பார்கள், அதில் இரும்புச்சத்து மிகக் கொஞ்சம்தான், காசைப் போட்டு அதையே நம்பியிருக்காதீர்கள். சாப்பிட்டவுடன் கேன்டீன் டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

ஆறேகால் பஸ்ஸுக்கு ஓடுபவர்களுக்கு இட்லி தின்ன நேரமிருக்காது, தெரியும். ராத்திரியே இரண்டு முட்டை அவித்து டப்பாவில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கடலை உருண்டையும் வாழைப்பழமும். ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் மட்டும் என்றால் பதினொரு மணி லேபில் கண் சொருகத்தான் செய்யும்.

ரத்தம் சரியாக இருந்தால் அப்புறம் தூக்கத்தைக் கணக்குப் போடுங்கள். இந்த வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். ஐந்துக்கு எழ வேண்டுமென்றால் பத்துக்குப் படுத்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. ஹாஸ்டலில் அறைத்தோழி விளக்கைப் போட்டு ரெக்கார்ட் எழுதினால் கண்ணை ஒரு துப்பட்டாவால் கட்டிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் தூங்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த காபியில் பாதி பதினொரு மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் மூன்று மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கினால் அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கட்கிழமையே பாழாகும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் போதும். பஸ்ஸில் இருபது நிமிடம் கண்ணயர்வது தப்பே இல்லை.

மயக்கம், விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதெல்லாம் இருந்தால் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சிலருக்கு ரிப்போர்ட் எல்லாம் நார்மல், தூக்கமும் போதும், ஆனாலும் குளிக்கக்கூட எழ முடியாது, பிடித்த பாட்டுகூடப் பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.