செக்சம் பிழை வந்ததும் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகம். லினக்ஸ் கணினியின் திரையில் "செக்சம் இன்வேலிட்" என்று வந்திருக்கிறது. கணக்கு பார்க்கும் தம்பி பயந்துபோய், டிஸ்க்கில் உள்ள ஃபைல் அமைப்பைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை ஓட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் 'எஸ்' கொடுத்துவிட்டார். நான் சேலத்திலிருந்து மலையேறிப் போய்ப் பார்த்தால், கூலிப் பதிவுகள் பாதிக்கு மேல் பெயரில்லாமல் வெறும் எண்களாக, எஃப்எஸ்சிகே இடம் தெரியாத ஃபைல்களைப் போடும் லாஸ்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் கிடக்கின்றன. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டியதில்தான் தெரிந்தது, கெட்டது டிஸ்க் இல்லை, கணினியின் தற்காலிக நினைவகமான ராம். டிஸ்க்கில் சரியாக இருந்ததை ராம் தப்பாகக் காட்ட, அதை நம்பி எஃப்எஸ்சிகே நல்லதையும் சேர்த்துத் 'திருத்தி' எழுதிவிட்டது.

சேலம் லீ பஜாரில் மூட்டைமேல் எடையை எழுதிவைப்பார்களே, செக்சம் அந்த மாதிரிதான்; தரவிலிருந்து கணக்கிட்டு எழுதிவைக்கும் சரிபார்ப்பு எண். மறுபடி நிறுத்து எடை ஒத்துவரவில்லை என்றால் ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரியும், எங்கே ஓட்டை என்று தெரியாது, குறைந்த சரக்கும் திரும்பி வராது. மூட்டையையே மாற்றி வைத்துவிட்டால்? அதன்மேல் எழுதிய எடை அதற்குச் சரியாகத்தானே இருக்கும். அதனால்தான் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஒரு பிளாக்கின், அதாவது டிஸ்க்கில் எழுதும் ஒரு துண்டின், செக்சமை அந்த பிளாக்கிலேயே வைக்காமல், அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வேறு வழியில் போகிறது, ஐநோடு எண்ணையும் (ஃபைலின் அடையாள எண்) ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியையும் (அதற்கே உரிய தனி அடையாளம்) செக்சம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

இன்னொரு தவறு, செக்சம் இருக்கிறதே, ஃபைல்களுக்கு ஆபத்தில்லை என்று நினைப்பது. எக்ஸ்ட்4, இன்னொரு ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் மெட்டாடேட்டாவை, அதாவது ஃபைலின் பெயர், இடம் போன்ற குறிப்புகளை மட்டும்தான் சரிபார்க்கும், உங்கள் கல்யாணப் போட்டோவுக்குள் ஒரு பிட் புரண்டால் வாயே திறக்காது. உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டுமென்றால் பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வேண்டும், அதிலும் பிழை தானாகச் சரியாக வேண்டுமென்றால் இரண்டாவது நகல் இருந்தாக வேண்டும்.

அப்புறம், எக்ஸ்ட்4-க்கு இந்தச் செக்சம் வசதி வந்ததே 2012-இல், லினக்ஸ் 3.5-இல்தான். அதற்கு முன் ஃபார்மட் செய்த டிஸ்க்கில், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்தாலும் தானாக வராது, அன்மவுண்ட் செய்து (டிஸ்க்கைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி) எக்ஸ்ட்4 அமைப்புகளை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கருவி மூலம் நாமே போட வேண்டும்.

சரி, பிழை வந்தால் என்ன செய்வது? முதலில் எழுதுவதை நிறுத்துங்கள், அன்மவுண்ட் செய்யுங்கள். ராமைச் சோதியுங்கள், கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பழுதான டிஸ்க்கையும் நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகலெடுத்து, எஃப்எஸ்சிகே-வை அந்த நகலில் மட்டும், முதலில் எதையும் மாற்றாத '-என்' முறையில் ஓட்டுங்கள். எஸ்டேட்டில் அந்த நகல் இல்லாததால், எண்ணாகக் கிடந்த ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்து, எந்த மாதக் கூலி என்று பெயர் வைத்து முடிக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.